முதல் ஓட்டம் கணக்கில் இல்லை

அவளுடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எங்கேயோ இருந்து வாசித்துவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்காமல் இத்தனை வருடம் நிம்மதியாக இருந்துவிட்டேன். இப்போது போய் அதை வலிய வாங்கிக் கட்டிக்கொள்வானேன்?

சிரிப்பு என்றால் சும்மா சிரிப்பு இல்லை. ஹட்டன் கடைவீதியில் ஒரு ஹார்ட்வேர் கடையின் மாடியில் எங்கள் ஒபிஸ் இருந்தது. அவள் மாடியில் சிரித்தால் கீழே ஆணி நிறுத்துக்கொண்டிருப்பவர் கையை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார். கடை முதலாளியின் மகன்தான் எங்கள் கொம்பனியை நடத்தினார். அவரை எல்லாரும் நானா என்று கூப்பிடுவோம். தோட்டங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். நானா யாரையாவது ஏசிக்கொண்டிருக்கும்போது அவள் சிரித்தால் அவருக்கும் சிரிப்பு வந்துவிடும். நான் ஒரு நாள் அப்படிச் சிரித்துப் பார்த்தேன். "என்னா புள்ள, பகிடியா?" என்று எனக்கும் சேர்த்து ஏச்சு விழுந்தது.

காலையில் வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை தேநீர் ஊற்றுவது. கேத்தலைப் போட்டு, சாயம் வடித்து, முதல் கோப்பையில் ஒரே ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். பிறகு மிச்சத்தை அப்படியே கொட்டிவிடுவாள்.

"மொத ஓட்டம். கணக்குல இல்ல."

இரண்டாவது கோப்பையைத்தான் குடிப்பாள். எனக்கு வயிறு எரியும். என் அம்மா டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலையேறுகிறவள். அவள் எடுத்த கொழுந்தாக இருந்தால் என்ன, எவள் எடுத்ததாக இருந்தால் என்ன, இப்படியா கொட்டுவது? ஒரு நாள் கேட்டும்விட்டேன்.

"ஏன் அக்கா, மொத கோப்பையில நஞ்சா கலந்திருக்கு?"

"இல்ல புள்ள. கேத்தல் சூடாகணும், ஜக்கு சூடாகணும், நான் சூடாகணும். மொதல்ல எதுவும் சரியா வராது. அத வச்சு ஒன்னையும் எட போடக் கூடாது."

இது அவளாகக் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. எங்கள் தொழிலில் உள்ளதுதான். நாங்கள் வேலை செய்தது டொட்நெட் என்ற ஏற்பாட்டில். அதில் நீங்கள் எந்தக் கணினி மொழியில் எழுதினாலும் அது முதலில் நடுவில் இருக்கிற ஒரு பொது மொழிக்கு மாறும். பிறகு நிரலை ஓட விடும்போது, அந்தப் பொது மொழி மெஷினுக்கு விளங்கும் மொழியாக அங்கேயே, அப்போதே மாறும். அந்த மாற்றம் நடக்கும் முதல் தடவை கொஞ்சம் இழுக்கும். இரண்டாவது தடவை முதல் விறுவிறுவென்று ஓடும். ஆகவே எது வேகம் என்று பார்க்கிறவர்கள் முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டுத்தான் நேரம் எடுப்பார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவள் அவள் ஒருத்திதான்.

பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான ஏ.எல்.லை மூன்று தரம் எழுதியவள். "மொத ரெண்டும் சூடாக்குறதுக்கு" என்பாள். சாரதிப் பரீட்சையில் முதல் நாளே மதிலில் மோதினாள். அந்த மதிலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து எங்களுக்குக் காட்டினாள். அவளைப் பெண் பார்க்க வந்த முதல் வீட்டார் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பதில் அனுப்பவில்லை. "மொத ஓட்டம்" என்று சொல்லி மிச்சமிருந்த லட்டைப் பொட்டலம் கட்டி ஒபிஸுக்குக் கொண்டுவந்தாள். பல வருடம் கழித்து வெளிநாடு போக விண்ணப்பித்து விசா மறுக்கப்பட்ட அன்றைக்கு எல்லாருக்கும் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தாளாம். இரண்டாவது தடவை கிடைத்தது. இப்போது அங்கேதான் இருக்கிறாள்.

நீங்கள் சொல்லுவீர்கள், நல்ல மனசு, பாரம் இல்லாத பிள்ளை என்று. அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். நான் சொல்கிறேன், அவளுடைய அப்பாவுக்குக் கடைவீதியில் இரண்டு கதவு வைத்த பலசரக்குக் கடை இருந்தது. பாட்டன் காலத்துக் கடை. பத்துத் தோட்டத்துச் சனம் அங்கேதான் சாமான் வாங்கும். மூன்று தரம் பரீட்சை எழுதினால் மூன்று தரமும் டியூஷனுக்கு அனுப்ப ஆள் இருந்தது. நான் ஏ.எல். எழுதப் போன காலையில் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "மகள், இந்தத் தடவ வந்தா வந்தது. இல்லாட்டி பெரட்டுல பேர் குடுத்துருவோம்." பெரட்டு என்றால் காலையில் தோட்டத்து ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். அதாவது மலைக்குப் போவது. அவர் கோபமாகச் சொல்லவில்லை, தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பின்னால் தம்பி இருந்தான். என் வாழ்க்கையில் எல்லாமே முதல் ஓட்டத்திலேயே ஓடியாக வேண்டியிருந்தது, ஓடவும் செய்தது. அதற்காக யாரும் கை தட்டவில்லை. மதிலில் மோதியவளுக்குத்தான் ஒபிஸே கை தட்டியது.

பொறாமைதான். அதைப் பூசி மெழுகுவானேன்?

எனக்கும் அவளுக்கும் வெளியில் தெரிந்த சண்டை கணினி மொழிச் சண்டை. அவள் எழுதியது விபி. நான் எழுதியது சி ஷார்ப். நான் கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அவர்கள் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே படித்த மொழி அது. விபி என்றால் அந்தக் காலத்தில் ஒரு இளக்காரம் இருந்தது. குழந்தைப் பிள்ளைகளின் மொழி, பட்டன் இழுத்துப் போடுகிறவர்களின் மொழி என்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். வேகம் வேண்டுமென்றால் சி ஷார்ப்தான் என்று நானாவிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ தெரியாது.

அவள் கோபப்பட்டதே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

"ரெண்டும் ஒரே பீலித் தண்ணிதானே புள்ள. நீ பித்தளக் குடத்துல புடிக்கிற, நான் பிளாஸ்டிக் குடத்துல புடிக்கிறேன். வீட்டுக்குப் போனா ஒரே தண்ணிதான்."

பீலி என்பது மலையிலிருந்து வருகிற தண்ணீரை லயத்துக்கு, அதாவது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கு, இறக்குகிற குழாய். அவள் வாழ்க்கையில் ஒரு நாள் பீலியில் குடத்தோடு நின்றிருப்பாளா? நான் நின்றவள். ஆனாலும் அவள் சொன்னதில் பிழை இல்லை. இரண்டு மொழியும் அதே நடு மொழிக்குத்தான் மாறுகின்றன. ஓடுவது அதுதான். எனக்கு அது தெரியும், ஆனாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அவள் ஒரு தடவை வந்தாள். நான் கூப்பிடவில்லை, வேறு யாரையோ கூப்பிடும்போது பக்கத்தில் இருந்துவிட்டாள். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லயத்துப் படி ஏறி வந்து, நேரே அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள். அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். முதல் ரொட்டி கல்லோடு ஒட்டிக் கிழிந்தது.

"அது கல்லுக்கு" என்றாள் அம்மா. "மொத ரொட்டி எப்பவும் கல்லுக்குத்தான். அடுத்தது பாருங்க மகள், பூவா வரும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் அப்படி ஒரு வெற்றி. "கேட்டியா? ஒங்கம்மாவே சொல்றாங்க. மொத ஓட்டம் கணக்குல இல்ல!" பிறகு அந்தச் சிரிப்பு. பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது ரொட்டி பூவாகத்தான் வந்தது. கட்டைச் சம்பல் வைத்து அதை அவளுக்குக் கொடுத்தாள். கிழிந்ததை எனக்குப் போட்டாள். சின்ன வயதிலிருந்து கிழிந்த ரொட்டி எனக்குத்தான், நானாகவே கேட்டு வாங்குவேன். அன்றைக்கு மட்டும் அதைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்திருந்தேன். மகள் என்று அம்மா கூப்பிட்டது அவளை. யார் வந்தாலும் அம்மா அப்படித்தான் கூப்பிடுவாள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும்.

அப்போதுதான் அந்தக் கொழுந்து நிறுக்கிற வேலை வந்தது. மலையில் எடுத்த கொழுந்தைப் பெண்கள் மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து நிறுப்பார்கள். கணக்கப்பிள்ளை கையால் எழுதுவார். அதை விட்டு, தராசு வயர் வழியாக எடையைச் சொல்ல, உள்ளங்கையில் பிடிக்கிற ஒரு சின்ன மெஷின் அதைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். அந்த மெஷினுக்கு உள்ளே ஓடும் நிரல் எங்களுடையது. முதலில் எங்கள் தோட்டம், சரியாக வந்தால் ராகலைப் பக்கமும் கொத்மலைப் பக்கமும் கொடுக்கலாம் என்று நானா கணக்குப் போட்டார். இந்த வேலைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். பொறுப்பு யாருக்கோ அவருக்கு வேலை நிரந்தரம். எனக்கு அதுவரை தற்காலிக வேலைதான். மாதக் கடைசியில் நானா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. அவளுக்கு இது இல்லாவிட்டால் அப்பாவின் கடை இருந்தது. எனக்கு இது இல்லாவிட்டால் பெரட்டு இருந்தது.

"ரெண்டு பேரும் எழுதிக் காட்டுங்க" என்றார் நானா. "எது வேகமோ அது."

எழுதினோம். ஒபிஸ் மேசையில் இரண்டு மெஷினை வைத்து ஓட விட்டோம். அவள் வழக்கம்போல முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டாள். பிறகு எத்தனை தரம் ஓட்டினாலும் இரண்டும் சமம். ஒரு தரம் அவளுடையது கொஞ்சம் முந்தும், மறு தரம் என்னுடையது முந்தும்.

"பாத்தியா? ஒரே பீலி!" என்று என் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

நானா அவள் பக்கம் சாய்வது எனக்குத் தெரிந்தது. சமம் என்றால் அவளுக்குத்தான் போகும். அவள் சிரிப்புக்குப் போகும், அவள் அப்பாவின் கடைக்குப் போகும். அப்போதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. அதற்கு நான் எந்தப் புத்தகத்துக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை. மழையில் சாக்கோடு நின்ற அம்மாவுக்குச் சொன்னால் போதும்.

"நானா, மடுவத்துல இந்த மெஷின விடாம ஓட விட மாட்டாங்க. பெட்டரி போயிரும்னு கணக்கப்பிள்ள ஒவ்வொரு நிறுவைக்கும் பெறகு நிறுத்திருவாரு. காலைல ஒருக்கா, பகலைக்கு ஒருக்கா, அந்திக்கு ஒருக்கா. ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் போடுவாரு. அங்க எல்லாமே மொத ஓட்டந்தான். அது இழுத்தா சனம் மழையில நிக்கும். நீங்க தள்ளிட்டுப் பாக்குறதத்தான் அங்க பாக்கணும்."

நானா மெஷினை நிறுத்திப் போடச் சொன்னார். என்னுடையது எழும்பிவிட்டது. அவளுடையது இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. விபி தனக்குத் துணையாக ஒரு மூட்டைச் சாமானைக் கட்டிக்கொண்டு வரும், அதையும் அவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்கும். நல்ல கணினியில் அது தெரியாது. அந்தக் கிழட்டு மெஷினில் தெரிந்தது. திரும்பத் திரும்ப நிறுத்திப் போட்டார்கள். ஒவ்வொரு தரமும் நான்தான்.

பொறுப்பு எனக்கு வந்தது. அவள் முகம் சுருங்கும், ஒரு தடவையாவது சுருங்கும் என்று பார்த்தேன். அவள் கதிரையை விட்டு எழும்பிக் கை தட்டினாள்.

"அட கடவுளே, இத நான் நெனைக்கவே இல்லையே! நானா, இவளப் பாருங்க, எப்படிப் புடிச்சா பாருங்க!"

கீழே ஆணி நிறுப்பவர் மேலே பார்த்திருப்பார். ஜெயித்தது நான். கொண்டாடியது அவள். என் ஜெயத்தை நான் ருசி பார்ப்பதற்கு முன்னாலேயே எடுத்துச் சாப்பிட்டுவிட்டாள். தோற்றுவிட்டு இப்படி நிற்க ஒருத்திக்கு எங்கிருந்து வருகிறது என்று அன்று முழுக்க யோசித்தேன்.

அடுத்து வந்ததுதான் வினை. எடையைக் கணக்கிடுகிற பகுதியை அவள் ஏற்கெனவே விபியில் எழுதி வைத்திருந்தாள். டொட்நெட்டில் இரண்டு மொழியும் ஒரே நிரலுக்குள் சேர்ந்து ஓடும். "அத அப்படியே வச்சுக்க புள்ள, ஓடுது தானே" என்றாள். எனக்கு மனம் வரவில்லை. ஒரு வரி விபி இருந்தாலும் அந்த மூட்டை வரும் என்று நானாவிடம் காரணம் சொன்னேன். காரணம் உண்மைதான். ஆனால் என் நிரலுக்குள்ளே அவளுடைய வரி இருக்கக் கூடாது என்பதும் உண்மைதான். வரி வரியாகப் பார்த்து சி ஷார்ப்பில் எழுதினேன்.

சோதித்தும் பார்த்தேன். கீழே கடையிலிருந்து எடைக்கற்களைத் தூக்கி வந்து தராசில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். கிராம் தவறாமல் காட்டியது. நானா கற்களைத் திரும்பக் கீழே அனுப்பிவிட்டு "மாஷா அல்லா" என்றார்.

எங்கள் தோட்டத்தில் ஓட்டுகிற நாள் வந்தது. அம்மா ஒரு வாரமாக லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், என் மக செஞ்ச மெஷினு வருது என்று. மழை தூறிக்கொண்டிருந்தது. மடுவத்துக்கு முன்னால் பெண்கள் கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். நானா வந்திருந்தார். அவளும் வந்திருந்தாள், பொறுப்பில்லாத ஆளுக்கு அங்கே என்ன வேலையோ. குடையைப் பிடித்துக்கொண்டு மடுவத்துப் படியில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். கண்டாக்கு ஐயா, அதாவது அந்த மலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பழைய முள்ளுத் தராசையும் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க.

முதல் சாக்கு ஏறியது. மெஷின் கண் சிமிட்டுவதற்குள் எழும்பியது. எனக்குப் பெருமையில் காது சூடாகியது. முன்னால் நின்ற அக்கா முள்ளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார்.

"இந்தா பாருங்கய்யா. முள்ளு பதினேழே முக்கால்ல நிக்குது. மெஷினு பதினேழுங்குது."

"மெஷினு சரியாத்தான் சொல்லும். தள்ளு, தள்ளு. அடுத்த ஆளு" என்றார் கணக்கப்பிள்ளை.

அடுத்த ஆளுக்கு முள்ளில் பன்னிரண்டரை. மெஷினில் பன்னிரண்டு.

வரிசை கலைந்தது. "சாக்குக்குன்னு வெட்டுறீங்க. தண்ணிக்குன்னு வெட்டுறீங்க. இப்ப மெஷினுக்கும் வெட்டா?" என்று ஒரு குரல். "அர அரயா எல்லார்கிட்டயும் புடுங்குனா எவ்வளவு ஆகும், யார் வீட்டுக்குப் போகும்?" என்று இன்னொரு குரல். கடைசியில் யாரோ கேட்டார்கள், "யாரு செஞ்ச மெஷினு இது?"

"நம்ம லயத்துப் புள்ளதான். அந்தா நிக்குறா."

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. தராசு எடையைக் கிராமில் அனுப்பும். ஆயிரத்தால் வகுத்தால் கிலோ. விபியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் அரையும் காலும் அப்படியே நிற்கும். சி ஷார்ப்பில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் வரும், மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துவிடும். பார்வைக்கு இரண்டு வரியும் ஒன்றுதான். பாடப் புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே இருக்கிற விஷயம். ஹார்ட்வேர் கடைக் கற்கள் எல்லாம் முழுக் கிலோ. அரைக் கிலோக் கல் ஒன்றாவது இருந்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பேன்.

அம்மா வரிசையின் நடுவில் நின்றாள். வெளியே வரவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. மழைக்குத் தலையில் போட்டிருந்த படங்குத் துணியை நெற்றி வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டாள். வாழ்க்கை முழுக்கக் கிலோ வெட்டுகிறவர்களோடு மல்லுக்கட்டியவள். இப்போது வெட்ட வந்திருப்பது அவள் மகள்.

கண்டாக்கு ஐயா சத்தம் போட்டார். "இந்தக் கூத்தெல்லாம் வேணாம். சாமானத் தூக்கிட்டு எறங்குங்க. தொரைக்கு நான் சொல்லிக்கிறேன்." நானாவுக்கு வேர்த்துவிட்டது. அவர் என்னைப் பார்க்காமல் ஐயாவிடம் சொன்னார், "இல்லங்கய்யா, ஆள மாத்திருவோம். வேற ஆள் பாத்துக்கொள்ளுவாங்க." முடிந்தது என்று நினைத்தேன். அப்பா தேநீர் குடித்துக்கொண்டே சொன்னது காதில் கேட்டது. வாயைத் திறந்து பிழை எது என்று சொல்லியிருக்கலாம். மெஷினின் வயரைக் கழற்றத் தொடங்கினேன். எங்களுக்கு எங்கே இரண்டாவது ஓட்டம்?

"நானா, கொஞ்சம் நில்லுங்க."

அவள்தான். தேநீர்க் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு எழும்பினாள். குடையை மடக்கினாள். மடுவத்துப் படியில் ஏறி நின்றுகொண்டு, கடை வாசலில் பேசுவதுபோல அத்தனை பெண்களையும் பார்த்துப் பேசினாள்.

"அக்காமாரே, ஒன்னு கேக்குறேன், சொல்லுங்க. காலைல ரொட்டி சுடுறீங்க. மொத ரொட்டி கல்லுல ஒட்டிக்கிச்சு. அடுப்ப இடிச்சா போடுறீங்க?"

முன்னால் நின்ற அக்கா சாக்கை இறக்கி வைத்தார்.

"கல்லுக்குன்னு விட்டுட்டு அடுத்தத சுடுறீங்கதானே? இது மொத ஓட்டம். கணக்குல இல்ல. இன்னைக்கு முள்ளு என்னா சொல்லுதோ அதத்தான் எழுதணும், நிறுத்தவங்களுக்கும் திரும்ப நிறுங்க. மெஷினு சொன்னத ஆத்துல போடுங்க. நாளைக்குக் காலைல இவ திரும்ப ஓட்டுவா. ஒங்க லயத்துப் புள்ள ஒங்க கொழுந்துல கை வப்பாளா?"

யாரோ ஒரு அக்கா சிரித்தார். பிறகு இன்னொருத்தர். "பேச்சப் பாரு, கடக்காரரு மக" என்று ஒரு குரல். கண்டாக்கு ஐயா இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார். "சரி சரி, முதலாளி மகள் சொல்றீங்க, நாளைக்குப் பாப்போம்." நானா கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். வரிசை திரும்ப நேரானது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

இதே வார்த்தைகளை நான் சொல்லியிருந்தால்? "ஒனக்கு என்னாடி தெரியும், எறங்கு" என்றிருப்பார் ஐயா. அம்மா சொல்லியிருந்தால் அதையும் கேட்டிருக்க மாட்டார். அம்மாவின் அடுப்படியில் பொறுக்கிய ரொட்டிக் கதையை வைத்தே அவள் எல்லாரையும் வளைத்துவிட்டாள். இரண்டாவது ஓட்டம் என்பது அவர்கள் கடையில் விற்கிற சாமான் மாதிரி, ஒரு கை அள்ளி என் மடியில் போட்டாள். காசு கேட்கவில்லை, நன்றியும் கேட்கவில்லை. அள்ளிக் கொடுக்கிற கை அவளுக்கு இருந்தது. ஏந்துகிற மடிதான் எனக்கு.

திரும்பிப் போகும்போது ஓட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். "என்னா பிழை?"

"வகுத்தல்."

"அப்ப எடக்கல்லு..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். அவள் முகம் கோணியது. "எல்லாம் முழுக் கிலோ!" பிறகு ஓட்டோ குலுங்கச் சிரித்தாள். நான் வெளிப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தேன். அழுதுகொண்டே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் மேல் எனக்கு எத்தனையோ கோபம் உண்டு, அதில் பெரியது இதுதான், அழக்கூட விட மாட்டாள். என்னுடையதை வைத்திருந்தால் இது நடந்திருக்காதே என்று அவள் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று டிக்கோயாவிலிருந்து ஹட்டன் வரைக்கும் காத்திருந்தேன்.

திருத்தம் ஒரு புள்ளிதான். ஆயிரம் என்பதை ஆயிரம் தசம் பூச்சியம் என்று எழுதினால் போதும். எழுதிவிட்டு, இந்தத் தடவை பலசரக்குக் கடையிலிருந்து பருப்பு, சீனி, கருவாடு என்று அரையும் காலுமாக நிறுத்து வாங்கித் தொங்கவிட்டுப் பார்த்தேன். பார்த்த பிறகும் நம்பவில்லை. விடியும்வரை கண்ணை மூடவில்லை.

காலையில் மழை இல்லை. மடுவத்தில் அதே வரிசை, ஆனால் பேச்சே இல்லை. முள்ளையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பதினாறரை, பதினாறரை. பதினொன்றே கால், பதினொன்றே கால். ஒருத்தரும் பாராட்டவில்லை. சாக்கை உதறிக்கொண்டு நகர்ந்தார்கள். அங்கே அதுதான் பாராட்டு. அம்மாவின் முறை வந்தது. சாக்கை ஏற்றிவிட்டு அவளும் இரண்டு தராசையும் பார்த்தாள். ஒருக்கா இல்லை, மாறி மாறிப் பார்த்தாள். பதினாலே முக்கால். இரண்டிலும். இனிமேல் என்னைப் பார்ப்பாள் என்று நின்றேன். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் புள்ள வரலியா?"

"வரல."

"ஏன் வரல? அவ சொல்லப்போய்தானே நீ இன்னைக்கு இங்க நிக்கிற. வந்து பாக்க வேணாமா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓரமாகப் போய் அவளுக்குப் போன் போட்டேன். நீண்ட நேரம் மணி அடித்தது.

"எங்க இருக்கீங்க அக்கா? எல்லாரும் ஒங்களத்தான் கேக்குறாங்க."

"வீட்டுல. தூங்குறேன்." ஒரு கொட்டாவி. "ஏன், ஓடலியா?"

"ஓடிச்சு."

"பெறகென்னா? நீ ரெண்டாந்தரம் எழுதுனதத் திரும்பப் பாக்க ஒரு ஆள் வேணுமா? போ புள்ள, குளிருது." வைத்துவிட்டாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு நான் எத்தனையோ மென்பொருள் ஓட்டிவிட்டேன். அந்த ஒபிஸில் நானாவுக்கு அடுத்த கதிரை இப்போது என்னுடையதுதான். காலையில் சாயம் வடிக்கிறதும் நான்தான், முதல் கோப்பையை இன்று வரைக்கும் கொட்டியதில்லை, குடித்துவிடுவேன். ஆனால் அந்தக் காலையை நினைத்தால் மட்டும் பழைய எரிச்சல் அப்படியே வருகிறது. என்னைப் பெற்றவள் முள்ளையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுதிய நான் விடிய விடிய விழித்திருந்தேன். அவள் ஒருத்தி, நான் எழுதிய வரியை நம்பி இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறாள். அப்படி ஒரு தூக்கம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. பொறாமையாக இருக்காதா, நீங்களே சொல்லுங்கள்.